கிழித்துப் போட்ட வரி

வெறுக்க வேண்டிய ஒருவனின் காலடியில் நமக்குப் பிரியமான ஒருத்தி உட்கார்ந்திருந்தால், அவனை அகற்றும்போது அவளை என்ன செய்வது? பத்து வயதில் எனக்கு விடை தெரியாத இந்தக் கேள்விக்கு, நான்கு வயதுப் பெண்ணுக்குத் தாயான பிறகும் விடை தெரியவில்லை.

மார்கழிக் காலையில் அவள் முழங்காலில் கன்னத்தை வைத்தால் பனியில் நனைந்த சலவைக்கல்லின் குளிர்ச்சி பல்வரைக்கும் ஏறும். மயிலாப்பூரில் எங்கள் தெரு லஸ் பக்கம் திரும்பும் முனையில், உயரமான மேடைமீது ஒரு வெள்ளைக்கார அதிகாரி சிலையாக, வாளை ஊன்றிக்கொண்டு நின்றான். பெயரை ஆங்கிலத்தில் பொறித்திருந்தாலும் தெருவில் அவன் "தொப்பித் தொரை"தான். மேடையின் படியில் புடவை கட்டிய நம் ஊர்ப் பெண்ணொருத்தி, ஒரு கையால் மேடையைப் பற்றியபடி தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் இறந்ததற்காக இந்த நாடே அழுகிறது என்று காட்டத்தான் அவளைச் செதுக்கினார்கள் என்பது அப்பா சொல்லித் தெரிந்தது. அம்மா சொன்னது வேறு.

மாடவீதியிலிருந்து காய்கறிப் பையோடு திரும்பும்போது, அந்த முனைக்கு வருவதற்குள் அம்மாவுக்கு இளைத்துவிடும். படியில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். "இவளும் நம்மள மாதிரி நடந்து வந்தவதான். மூச்சு வாங்க உக்காந்திருக்கா" என்பாள். பிறகு அம்மாவைத் தாம்பரத்தில் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று என்னை ஒருமுறைகூட அங்கே அழைத்துப் போகவில்லை. அப்பா வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா, விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார். பள்ளிவிட்டு வந்து அதுவரைக்கும் நான் அந்தப் படியில்தான் இருப்பேன், அம்மா உட்காரும் இடத்தை விட்டுவிட்டு, அதற்கு இந்தப் பக்கமாக.

"இன்னா பாப்பா, ஊட்டுக்குப் போவாம இங்கயே குந்திக்கினு கீற? தொரைக்குக் காவலா?" என்பாள் எதிரில் பூ விற்ற அஞ்சலை. கூடையைக் கட்டும்போது, மிஞ்சிய கனகாம்பரத்தை அந்தக் கல் கொண்டையில் செருகிவிட்டுப் போவாள்.

சுதந்திரம் வந்த கொஞ்ச நாளில் சிலையை எடுக்கச் சொல்லி அப்பா ஒரு மனு எழுதினார். "அவன் உத்தரவுல குண்டடி பட்டுச் செத்தவங்களோட பேரப் பிள்ளைங்க இந்தத் தெருவுல நடக்கறாங்க. அவங்க தலைக்கு மேல அவன் நிக்கணுமா?" என்றார். அது நியாயம் என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மூன்று நகல் எடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். இரண்டை அப்படியே எழுதினேன். மூன்றாவதன் கடைசியில், "கீழே உட்கார்ந்திருக்கும் பெண்ணை மட்டும் விட்டுவிடும்படியும் கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒரு வரி நானாகச் சேர்த்தேன். மை காய்வதற்குள் பயம் வந்துவிட்டது. ஊரார் கேட்காததை ஊரார் பெயரில் கேட்கிறேனே என்று அந்தத் தாளைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு, புதிதாக எழுதினேன். "ஒரு அடித்தல் திருத்தல் இல்ல பாருங்க" என்று அப்பா எல்லோரிடமும் அதையே காட்டினார்.

கைநாட்டு வாங்கப் போனபோது மை டப்பாவோடு நானும் போனேன். அஞ்சலை விரலை நீட்டவில்லை.

"தொரைய இட்டுக்கினு போ நைனா, யாரு வாணான்றா? அந்தப் பொம்பள இன்னா பண்ணிச்சு?"

"அவனுக்காக அழறாம்மா. அதுதானே நமக்கு அவமானம்?" என்றார் அப்பா.

"அவனுக்காவத்தான் அழுவறேன்னு உன்னாண்ட வந்து சொன்னாளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. அம்மா சொன்னதை நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றேன்.

தை மாதத்தில் கயிறு கட்டி இறக்கினார்கள். துரை ஒரு லாரியில் போனான், அவள் வேறொன்றில் போனாள். மேடையையும் இடித்துத் தரையைச் சமமாக்கிவிட்டார்கள். பங்குனியில் தாம்பரத்திலிருந்து அம்மாவைப் பற்றிய செய்தி வந்தபோது, போய் உட்கார எனக்கு அந்தப் படி இல்லை.

இப்போது அந்த முனையில் பஸ் நிற்கிறது. அங்கே சிலை இருந்தது என்று சொன்னால் அப்படியா என்கிறார்கள். போன வாரம் என் பெண்ணின் பிறப்புச் சான்றிதழுக்காக அடையாறில் கார்ப்பரேஷன் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பின்பக்க முற்றத்தில், வாதாம் மரத்தடியில், சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். மேடையைப் பற்றியிருந்த கை மட்டும் மணிக்கட்டோடு போயிருந்தது.

"இவங்க ஏம்மா இப்படி உக்காந்திருக்காங்க?" என்று குழந்தை கேட்டாள். தாத்தாவின் பதிலும் இருந்தது, அவள் பார்த்திராத பாட்டியின் பதிலும் இருந்தது. நான் "வா, நேரமாச்சு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வரும்போது அங்கிருந்த எழுத்தர் ஒரு விஷயம் சொன்னார். இந்த மாதக் கடைசியில் முற்றத்தைக் காலி செய்து கற்களையெல்லாம் உடைக்கப் போகிறார்களாம். யாராவது எழுதிக் கொடுத்தால் அவளைப் பக்கத்துப் பூங்காவில் வைக்கலாமாம்.

அப்பா எங்களோடுதான் இருக்கிறார். பார்வை மங்கிவிட்டதால் தினமும் நான்தான் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். அடித்தல் திருத்தல் இல்லாத அந்த மூன்றாம் நகல் இன்னும் அவர் பெட்டியில் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் எழுதுவது எனக்குச் சுலபம், அதனாலேயே கை வரவில்லை. எழுதினாலும், துரை இல்லாமல் தனியாக உட்கார்ந்திருப்பவளைப் பார்க்கிறவர்கள் என்னவென்று நினைப்பார்களோ, அவர் அவமானம் என்று அகற்றியதை நானே மறுபடி கொண்டுவந்து வைத்ததாகிவிடுமோ என்றும் தோன்றுகிறது.

தாளில் தேதி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். நான் எழுதலாமா? எழுதினால் முதலில் அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டுமா? உங்களுக்குத் தோன்றுவதைத் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.