டெஜித் அக்காவின் வீட்டுக்கு வந்த ரஷ்யக்காரன்

மங்கோலியாவில் எங்கள் தர்கான் நகரப் பத்திரிகையில் டெஜித் அக்கா இருபது வருடத்துக்கு மேல் பிழை திருத்தினார். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு வரியும் அவர் கண்ணில் பட்டுத்தான் போகும். அந்தக் கண்தான் போயிற்று. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, முதலில் ஓரங்கள் மங்கின, பிறகு நடுவும் மங்கியது. ஐம்பது வயதுக்குள், அறையில் விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும் என்றாகிவிட்டது.

நான் அவர் வீட்டுக்கு நேர் கீழே குடியிருப்பவள். நடப்பதற்கும் சமைப்பதற்கும் அக்கா சீக்கிரமே பழகிக்கொண்டார். அவர் தடவித் தடவி மடிக்கும் இறைச்சிக் கொழுக்கட்டை, நான் பார்த்துப் பார்த்து மடிப்பதைவிட அழகாக இருக்கும். படிக்க முடியாததுதான் அவரைப் போட்டு வாட்டியது.

கணவர் கோன்சிக் அண்ணா ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர், ஆனால் சேர்ந்தாற்போல் நாலு வரி படித்தால் கொட்டாவி வந்துவிடும். அப்படியும் தினம் சாயங்காலம் பால் தேநீரைக் குடித்துவிட்டு, கொரியாவுக்கு வேலைக்குப் போன மகள் விட்டுச்சென்ற பழைய கணினியின் முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார். இணையத்தில் அப்போது ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. எல்லை மலைகளில் மரம் கடத்துகிறவர்களைத் துரத்தும் தொமொர் என்ற வனக்காவலனின் கதை. அக்காவுக்கு அவன் மேல் உயிர்.

"குதிரையை விட்டு இறங்கினான்," என்று அண்ணா படிப்பார்.

"ம், அப்புறம்?"

"அப்புறம் ஏறிட்டான்."

"கிழவா, நடுவுல ஒரு பக்கத்தை முழுங்கிட்டே."

"முழுக்க மரத்தைப் பத்திதான் எழுதியிருக்கான். மரம் பச்சையா இருக்காம். இது நமக்குத் தெரியாதா?"

குளிர்காலம் முடியும் சமயத்தில் ஒரு நாள், அண்ணா தொண்டையைச் செருமிக்கொண்டு, பனி உடைந்த ஆற்றில் தொமொர் விழுந்து இறந்துவிட்டான், கதை முடிந்தது என்று அறிவித்தார். அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் என்னிடம்கூட அதைப் பற்றித்தான் பேசினார். "நல்லவனைத்தான் கொல்லுவாங்க, துல்மா. எழுதறவனுக்கு வேற என்ன தெரியும்?"

சில நாள் கழித்து, உறுப்பினர் அட்டை விஷயமாகத் தலைநகர் உலான்பாத்தரில் இருக்கும் பார்வையற்றோர் சங்கத்துக்கு அக்கா போன் செய்தார். சோய்ஜில் என்பவர் எடுத்தார். அவருக்குப் பின்னால் யாரோ ரஷ்ய மொழியில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா இளவயதில் ரஷ்யாவில், இர்குத்ஸ்கில் படித்தவர். ரஷ்ய மொழி தண்ணீர் பட்ட பாடு.

"விருந்தாளி இருக்காங்க போலிருக்கே. அப்புறமா கூப்பிடட்டுமா?"

"விருந்தாளியா? இங்க யாருமில்லையே அக்கா."

"யாரோ ரஷ்யக்காரர் பொரிஞ்சு தள்றாரே."

சோய்ஜில் சிரித்துவிட்டார். "அது என் கம்ப்யூட்டர்க்கா. திரையில இருக்கறதைப் படிச்சுச் சொல்லுது. எனக்கும் பார்வை கிடையாது. வந்த மெயிலைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"நீங்களேவா? பக்கத்துல யாருமே இல்லாம?"

"பூனை இருக்கு."

போனை வைத்துவிட்டு அக்கா கோட்டைக்கூட மாட்டாமல் மாடிப்படியில் இறங்கி என் கதவைத் தட்டினார். என்ன சொல்ல வந்தார் என்று புரியவே எனக்கு நேரமாயிற்று.

அண்ணா அன்றே சந்தைக்குப் போய், பேசும் மென்பொருள் என்று ஒரு குறுந்தகடு வாங்கி வந்தார். அது கொஞ்ச நேரம் பேசிவிட்டு ஊமையாகிவிட்டது. அணைத்துப் போட்டால் திரும்பப் பேசும், திரும்ப ஊமையாகும். "அது சும்மா மாதிரிக்குக் குடுக்கறது அக்கா," என்றார் சோய்ஜில். "தூக்கிப் போடுங்க. நம்மளை மாதிரி பார்வை இல்லாதவங்களே சேர்ந்து எழுதினது ஒண்ணு இலவசமா கிடைக்குது." அவர் போனில் சொல்லச் சொல்ல, நான் எழுத்துகளைத் தட்ட, அண்ணா எங்கள் இருவர் தலைக்கும் மேலே நின்று தப்புத் தப்பாக யோசனை சொன்னார். திடீரென்று ஒலிபெருக்கி ரஷ்ய மொழியில் கத்த ஆரம்பித்ததும் அண்ணா கையிலிருந்த தேநீர் அவர் கால்சட்டையில் கொட்டிவிட்டது.

அக்காவின் முகம் மலர்ந்தது. ஆனால் ஒரு மங்கோலியச் செய்தியைப் படிக்க வைத்ததும் வாடிவிட்டது. நாங்கள் எழுதுவது ரஷ்ய எழுத்துதான் என்றாலும், எங்களுக்கென்று இரண்டு உயிரெழுத்துகள் கூடுதலாக உண்டு. மங்கோலியக் குரல் என்று ஒன்று அப்போது எங்களுக்குக் கிடைக்கவில்லை. வாய்த்த ரஷ்யக்காரனுக்கோ அந்த இரண்டும் தெரியாது. வரும் இடத்திலெல்லாம் விழுங்கிவிட்டுப் போனான். தொமொர் என்பது 'த்ம்ர்' என்று வந்தது. பல் போன குடிகாரன் பேசுவது போலிருந்தது. அக்கா கணினியை அணைக்கச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அன்றைக்கு அவரைத் தேற்ற எனக்கும் தெரியவில்லை, அண்ணாவுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் சோய்ஜிலே கூப்பிட்டார். "அந்த ரெண்டு எழுத்தைப் பத்திச் சொல்ல மறந்துட்டேன்க்கா. அதுக்குள்ள ஒரு அகராதி இருக்கு. இந்த எழுத்து வந்தா 'ஒ'ன்னு சொல்லு, அந்த எழுத்து வந்தா 'உ'ன்னு சொல்லுன்னு எழுதி வச்சிட்டா, கேட்டுக்கும்."

கேட்டுக்கொண்டது. உச்சரிப்பு என்னவோ எங்கள் ஊருக்கு வந்து முப்பது வருடமான ரஷ்ய எஞ்சினியருடையது போலத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அக்கா அம்புக்குறி விசைகளைத் தடவிக் கண்டுபிடித்து, ஒரு வரி கீழே, ஒரு வரி மேலே என்று போய் வந்தார். பழகிய பிறகு, தொமொரின் கதையை இன்னொரு முறை முதலிலிருந்து படிக்கலாம் என்று அந்தப் பக்கத்துக்குப் போனார். நான் ஏதோ மாவு கேட்க வந்தவள், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"கிழவா!"

அண்ணா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தொமொர் கூடாரத்துல உக்காந்து ஆட்டுக்கறி சூப் குடிச்சிக்கிட்டிருக்கான்."

"அப்படியா? பொழைச்சிட்டானா?"

"பொழைக்கறதாவது? அவன் ஆத்துல விழவே இல்ல! கடத்தல்காரனோட லாரிதான் விழுந்துது! கதை இன்னும் வந்துக்கிட்டே இருக்கு!"

அண்ணா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ரயில்ல போனா ஸ்டேஷன்னு ஒண்ணு வரும்," என்றார் மெதுவாக. "இந்தக் கதையில ஸ்டேஷனே வரல. தொண்டை கட்டிப்போச்சு. என்ன பண்றதுன்னு தெரியல. கொன்னுட்டேன்."

"பாவி! செத்துட்டான்னு நான் அவனுக்கு நெய் விளக்கு ஏத்தி வச்சேன்!"

இனிப் பெரிய சண்டை என்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அக்காவோ மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அண்ணாவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. நெடுநேரம் கழித்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"தொண்டை கட்டிக்கிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ படிக்கச் சொல்றதையே விட்டுடுவே. அப்புறம் சும்மா ஜன்னல் பக்கமா உக்காந்திருப்பே. அதை என்னால பாக்க முடியாது."

அக்கா கையை நீட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மாவை மறந்து கீழே வந்துவிட்டேன்.

அதன்பின் சாயங்காலங்களில் அண்ணா முற்றத்தில் சதுரங்கம் ஆடுவதைப் பார்க்க முடிந்தது. கோடையில் தம்பியின் குதிரைகளைப் பார்க்க நாட்டுப்புறம் கிளம்பினார். அக்காவுக்குக் கண் போன பிறகு அவர் தனியாக வெளியூர் போனது அதுதான் முதல் முறை. போகும்போது என்னிடம், "அவளைக் கொஞ்சம் பாத்துக்கோம்மா, தனியா இருக்கா," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்று மத்தியானம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே ரஷ்யக்காரன் அக்கா கூட்டி வைத்திருந்த, எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் பொழிந்துகொண்டிருந்தான். திரும்பத் தட்டினேன்.

"யாரு, துல்மாவா? இரு, இரு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இந்த அத்தியாயம் முடியப்போவுது."

நான் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.