கத்தரிக்கு நடுவே மல்லி

கப்பல்துறையில் கண்டி வீதியோரமாக எங்களுக்கு ஒரு தோட்டக்காணி இருந்தது. எண்பதுகளின் நடுவில், சண்டை தொடங்கிய காலத்தில், வீதிக்குக் கிட்ட எதுவும் உயர்ந்து நிற்கக் கூடாது என்று படைக்காரர் வந்து சொன்னார்கள். மரவள்ளி, பயற்றங்கொடி, வேலிக் கிளுவை எல்லாவற்றையும் நாங்களே வெட்டினோம். முன்பாதி வெறும் தரையாகிவிட்டது. கிணற்றடியோடு சேர்ந்த பின்பாதிதான் மிஞ்சியது.

அது ஒரு குடும்பத்துக்குக் காணாது என்று எல்லோரும் சொன்னார்கள். என் கணவரின் அண்ணர், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், திருகோணமலை டவுனில் இருந்தார். தன் வீட்டின் பின் அறையை எங்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் ஆளில்லாத வீடுவளவுகளுக்கு என்ன நடந்தது என்று நான் பார்த்திருந்தேன். முதலில் கதவு போகும், பிறகு ஓடு. பிறகு அங்கே வேறு யாரோ முள்ளுக்கம்பி அடித்துக்கொண்டு நிற்பார்கள். போனால் திரும்பி வரமாட்டோம் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது. அத்தான் வந்தால் குசினிக்குள் நின்றபடியே தேத்தண்ணீர் அனுப்புகிறவள் நான். பின்பாதியை முழுக்காணி அளவுக்கு விளைய வைப்பது என்று மட்டும் முடிவெடுத்தேன்.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் நிறைய இடைவெளி விட்டுத்தான் நடுவோம். செடி பெருக்கும்வரை அந்த மண் சும்மா கிடக்கும். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. என் கண் வாய்க்காலுக்குத்தான் போயிற்று. கிணற்றுத் தண்ணீரை வாய்க்காலில் விட்டு, பாத்தி பாத்தியாகத் திருப்பிக் கட்டுவது எங்கள் வழக்கம். எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்தை ஏன் வெறுமையாக விடவேண்டும் என்று அதன் நீளத்துக்கு வல்லாரை நட்டேன். வெள்ளிக்கிழமைகளில் வல்லாரைச் சம்பல் தேடாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு.

வல்லாரை செழித்தது. அதன் வேர் வண்டலைப் பிடித்து வாய்க்காலை மேடாக்கியது. தண்ணீர் பாதி வழியிலேயே கரை வழிந்தது. இறைக்கிற மிசினுக்கு மண்ணெண்ணெய் கிடைப்பதே பாடாயிருந்த காலம் அது. கடைசிப் பாத்தி மிளகாய் வாடித் தலை தொங்கியதைக் கண்டுவிட்டு என் கணவர் வந்தார்.

"வல்லாரை திண்டா ஞாபகசக்தி கூடுமாமே. தண்ணி எங்க போகவேணும் எண்டு அதுக்கு ஞாபகமில்லையோ?"

மண்வெட்டியை எடுத்து அவ்வளவையும் கிளறி எடுத்தேன். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற கிணற்றடியில் மட்டும் கொஞ்சம் ஊன்றினேன்.

எங்கள் கத்தரிக்காயை வாங்குகிறவர் கிண்ணியாவிலிருந்து படகேறிச் சைக்கிளில் வருகிற ஒரு முஸ்லிம் வியாபாரி. நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்தக் கிழமை சொன்னார்: "தங்கச்சி, நோன்பு வருகுது. கஞ்சி காய்ச்ச மல்லித்தழையும் புதினாவும் இல்லாம ஏலாது. கந்தளாய்ப் பக்கமிருந்து வாறது, ரோட்டை மறிச்சா வராது. நீங்க நட்டா முழுக்க நான் எடுப்பன்."

"இவ புதினா நட்டா அது கிணத்தையும் மூடிப்போடும், நானா," என்றார் என் கணவர்.

"மூடட்டும். வாளியால இலையை அள்ளுவம்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "தருவன்," என்றேன்.

மல்லி விதையைப் பலகையால் தேய்த்து இரண்டாக உடைத்து, ஊறவைத்து, கத்தரி வரிசைகளுக்கு நடுவே விதைத்தேன். புதினாவை அடி கழன்ற வாளிகளுக்குள் நட்டு, வாளிகளை மண்ணில் புதைத்தேன். இனி எந்த வேரும் என்னைக் கேளாமல் நடக்கக் கூடாது. மிஞ்சிய விதையை வெட்டவெளியிலும் தூவியிருந்தேன். வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் அது கருகியது. கத்தரி இலையின் நிழலில் நின்றது தப்பியது. மல்லியை வேரோடு பிடுங்கும்போது கத்தரியடி மண்ணும் இளகியது. பூச்சி குறைந்ததா என்று எனக்குத் திட்டமாகச் சொல்லத் தெரியாது. புல் குறைந்தது. கத்தரி பெருத்து இடைவெளியை மூடுவதற்குள் மல்லி முடிந்துவிடும். ஒன்றின் இடத்தை மற்றது எடுக்கவில்லை.

நோன்பு தொடங்கிய கிழமை, நானாவுக்காக வாழைநாரால் மல்லியைப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தேன். எங்களைச் சாமானோடு ஏற்றிப்போக அத்தான் வாடகை உழவு இயந்திரத்தில் இழுவைப்பெட்டி பூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"இன்னும் சாமான் கட்டேல்லையோ?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கப் போவதில்லை என்று விளங்கியது.

"நாங்கள் வரேல்லை, அத்தான்," என்றேன்.

"இந்த இலையை நம்பியோ பிள்ளை?"

"ஓம்."

"நோன்பு முடிஞ்சா?"

"அந்த நேரம் கத்தரி காய்க்கும். கத்தரி ஓய முதல் மிளகாய்க்குள்ள வெந்தயம் போடுவன். கிணத்தடியில வல்லாரை நிக்குது. ஒண்டு முடிய ஒண்டு வரும்." கையில் இருந்த மல்லிப் பிடியைக் கீழே வைத்தேன். "வீட்டைப் பூட்டிப்போட்டு வந்தா எங்களுக்கு இந்தக் காணி இல்லை, அத்தான்."

அவர் பாத்திக்குள் இறங்கி, கத்தரி இலையைத் தூக்கி அடியில் நின்ற மல்லியைப் பார்த்தார்.

"பசளை?"

"கிடைக்கிறேல்லை. இருக்கிற மாட்டெரு காணாது."

கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு பாத்தியை விட்டு ஏறினார். பிறகு தம்பியிடம், "இவ்வளவு கதைக்கிற ஆளை நீ இவ்வளவு நாளும் எங்கயடா ஒளிச்சு வைச்சிருந்தனி?" என்று கேட்டார். சாரதி இயந்திரத்தை நிறுத்தவே இல்லை. அவர் அவனிடம் போய், "வாடகை பேசியாச்சு. வெறும் பெட்டியோட திரும்பேலாது. மாட்டுப்பட்டிக்காரரிட்ட எரு கிடக்கும், ஏத்திக்கொண்டு வா," என்றார்.

மத்தியானத்துக்கு முன் எரு வந்து சேர்ந்தது. கிணற்றடியில் கொட்டிய பிறகுதான் அத்தானும் சாரதியும் டவுனுக்குத் திரும்பினார்கள்.