நான்கு விரல்களுக்கான வேலை

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தில் என் இடது கட்டைவிரலை நசுக்கியது என் சுத்திதான். யாரையும் குறை சொல்ல வழியில்லை. எலும்பு கூடியது; விரல் மடங்க மறுத்துவிட்டது. உளி பிடிக்கிற கை அது. நான்கு விரலால் பிடித்தால் முதல் அடியிலேயே உளி நழுவும். மேஸ்திரி ஒரு வாரம் பார்த்துவிட்டு, "கை சரியானா வா" என்றார். சரியாகாது என்று இருவருக்கும் தெரியும்.

எட்டாவதைப் பாதியில் விட்டவன் நான். கல்லைத் தவிர வேறு வேலை தெரியாது. தொண்ணூறுகளின் கடைசி அது. படாளம் ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு செம்மண் மேட்டில் கல்லூரிக்காரர்கள் குழி தோண்டுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மண் சுமக்கச் சேர்த்துக்கொண்டார்கள். சட்டியைத் தலையில் வைத்து நடக்கக் கட்டைவிரல் தேவைப்படவில்லை.

அவர்கள் தேடியது ஆதி மனிதர்களின் கைக்கோடரிகளை. குழிக்குப் பொறுப்பான பேராசிரியை ஒன்றைக் கழுவி, "பிடிச்சுப் பாருங்க" என்று நீட்டினார். இலை வடிவில் பழுப்புக் கல். வலது கையில் வாகாக உட்கார்ந்தது. இடது கைக்கு மாற்றினேன். விழுந்துவிட்டது.

சல்லடை பிடித்திருந்தவன் சிரித்தான். "இன்னா அண்ணாத்த, லட்சம் வருசமா ஒடையாத கல்லு, நீ ஒடச்சிடுவ போலக் கீதே!"

பேராசிரியை என் விரலைப் பார்த்தார். பரிதாபப்படவில்லை. "காடு குறைஞ்சு புல்வெளி பரவின காலத்துல நம்ம முன்னோர் ரெண்டு கால்ல நடக்க ஆரம்பிச்சாங்க. கைக்கு வேற வேலை கிடைச்சுது. போகப்போகக் கட்டைவிரல் நீண்டு பலமாச்சு. அதனாலதான் கல்லு கையில நின்னுது."

"அதுக்கு முன்னால?"

"கிளையில தொங்கினாங்க. தொங்க நாலு விரல் போதும். நிமிர்ந்து நடந்ததுக்குத்தான் இடுப்பு வலி வந்துது."

"எனக்கும் அதனாலதான் வலிக்குதா மேடம்?"

"உங்களுக்கு மண்ணு சுமக்கறதால."

அந்த மாதிரிக் கல்லை எப்படிச் செய்திருப்பார்கள் என்று அவரே வேறு கல்லைத் தட்டிப் பார்ப்பார். வராது. ஒருநாள் நான் கேட்டு வாங்கினேன். உளி வைக்கிற பழக்கத்தில் நடுவில் அடித்தேன். முழங்கை வரை அதிர்ந்தது, கல் அசையவில்லை. பிறகு தொடையில் சாக்கை மடித்துப் போட்டு, கல்லை அதன்மேல் சாய்த்து, இடது உள்ளங்கையால் அணைத்துக்கொண்டேன். வலது கைக் கூழாங்கல்லால் ஓரத்தில் சரித்து அடித்தேன். பிளேடு போல ஒரு சில்லு தெறித்தது. சாயங்காலத்துக்குள் காலடியில் ஒரு சில்லுக் குவியல்.

"பொழச்சிகின மச்சான்! கொரங்கா வந்த, மனுசனாயிட்ட!" என்றான் சல்லடைக்காரன்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. "மேடம், இதையே எனக்கு வேலையாத் தருவீங்களா?"

அவர் ஒரு சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "மழை வந்தா குழியை மூடிடுவோம். மறுபடி அனுமதி கிடைக்குமான்னு தெரியல."

என்னால் செய்ய முடிந்த கல் வேலை ஒன்று இருக்கத்தான் செய்தது. அதற்கு ஆள் எடுத்தது பல லட்சம் வருஷத்துக்கு முன்னால்.

ஐப்பசியில் குழியை மூடினார்கள். நான் கடலோரம் கடப்பாக்கம் போனேன். கரையில் நின்று வலை இழுக்க ஆள் கேட்டார்கள். வலைக் கயிற்றின் முன்னால் நின்றவர் என் கையைப் பார்த்தார். "இத்த வச்சிகினு இன்னாத்த இழுப்ப?"

நான்கு விரலைக் கொக்கி போலக் கயிற்றில் மாட்டிப் பின்னால் சாய்ந்தேன். கயிறு நழுவவில்லை. இடுப்புதான் வலித்தது.