குட்டைக்கு வந்த பூநாரை

கால் நூற்றாண்டாக நான் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்த பூநாரை, பூநாரை அல்ல. கொக்கு. வழுக்கைக்கு மேல் காக்கித் தொப்பியும் கழுத்தில் புதுத் தொலைநோக்கியுமாக உட்கார்ந்து இதை எழுதுவது எனக்கே நன்றாக இல்லை. ஆனால் நீங்கள் வேற்றாள் இல்லையே.

எங்கள் குடியிருப்பில் காலையில் நடக்கிறவர்கள் சேர்ந்து, பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போவதென்று முடிவு செய்தோம். யார் அழைத்துப்போவது என்ற பேச்சு வந்ததும் நான் வாயைத் திறந்தேன். "பூநாரையா? கவரைப்பேட்டையிலேயே கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தவன் நான்." உடனே தலைவனாக்கிவிட்டார்கள். நானும் திட்டம் போட்டேன்: கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறி, கவரைப்பேட்டையில் இறங்கி, முதலில் என் குட்டை, பிறகு பொன்னேரிக்குத் திரும்பிப் பழவேற்காடு பஸ். இட்லி எங்கே சாப்பிடுவது என்பதில் குழு இரண்டாக உடைந்ததே தவிர, பறவை விஷயத்தில் என்னை எதிர்த்து ஒருவரும் பேசவில்லை.

தொலைநோக்கியின் வாரில் புது ரப்பர் வாசனை. எனக்கு அது கையுறை வாசனை. இளவயதில் அந்தப் பக்கத்து ரோலிங் மில் ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். பழுக்கக் காய்ந்த இரும்புக் கம்பி பாம்பு மாதிரி ஓடும். அதைக் குளிரவைத்த தண்ணீர் பின்பக்கக் குட்டைக்குப் போகும். கழிவுநீர் என்ற சொல் எங்கள் மில்லில் கிடையாது. தண்ணீர் போகும், அவ்வளவுதான். மேலே துருத்தூள் பறக்கும். என்னுடன் அறையில் தங்கியிருந்தவன் தினமும் கேட்பான்: "இன்னா மச்சி, வெள்ளச் சட்டை போட்டுக்கினு போற, ரோஸ் சட்டைல திரும்பி வர்ற?"

ஒருநாள் அந்தக் குட்டையில் ரோஸ் நிறத்தில், நெட்டைக் காலோடு சில பறவைகள் நின்றன. நான் அப்போதுதான் ஒரு பறவைப் புத்தகத்தைப் பாதிவரை படித்திருந்தேன். பாதி படித்தவனுக்கு வரும் தைரியம் முழுதும் படித்தவனுக்கு வராது. "பூநாரை!" என்று கத்தி, ஷிப்ட் முழுவதையும் வெளியே கூட்டி, ஆயிரம் மைல் பறந்து வரும் அதிசயம் பற்றிச் சொற்பொழிவாற்றினேன். ஃபர்னஸ் பக்கம் நின்ற டேவிட், வாயில் கை வைத்து, "சூப்பரு சார்! நம்மளத் தேடிக்கினு வந்துகீது பாருங்க" என்றான். அன்றிலிருந்து சூடு தாங்காத மதியங்களில் அவன்தான் ஓடிவருவான்: "சார், உங்க பூநார வந்துச்சு!" மெஷினை நிறுத்தி எல்லோரையும் வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போவேன். என் பாடத்தை அவ்வளவு ஆர்வமாகக் கேட்ட வகுப்பு அப்புறம் எனக்கு அமையவே இல்லை.

போன வாரம், தலைவனுக்கு அழகென்று, புத்தகத்தின் மறுபாதியைப் படித்தேன். பூநாரைக்கு அலகு வளைந்திருக்குமாம். என் பூநாரைகளுக்கு ஊசி மாதிரி நேராக இருந்தது. அப்போதுதான் என் ரோஸ் சட்டையும் ஞாபகத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் என் மானம் போகுமே என்ற பயத்தில் டேவிட்டுக்குப் போன் செய்தேன். பூநாரை இல்லாவிட்டால் போகிறது, குட்டையையாவது காட்டலாமே?

"குட்டையா? அத்த மூடி லாரி நிறுத்தற எடமாக்கி எத்தினி வருசமாவுது சார்! வேப்பமரமும் பூட்ச்சி."

ஆக, அங்கே தண்ணீர் மாசு முற்றிலும் ஒழிந்துவிட்டது. மாசுபடத் தண்ணீர் இல்லை. கொக்கு வெள்ளையாகவே வேறெங்கோ நிற்கிறது.

"ஏம்ப்பா, அது கொக்குதானே?" என்றேன்.

"கொக்குதான் சார். அது எல்லார்க்கும் தெரியும்."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

மறுமுனையில் அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"கொக்குன்னு சொல்லியிருந்தா, மெஷின நிறுத்திட்டு வெளிய வுட்டுருப்பீங்களா சார்?"