காலிப் பக்கத்தின் அடியில்

அன்று தலைமையாசிரியையின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தலைமையாசிரியை, வார்டுப் பிரதிநிதி, கோயில் வாசலில் பூ விற்கும் அக்கா, சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய், நான். வெளியே வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மகளைப் பற்றித்தான் கூட்டம் என்பதால் அவளை உள்ளே கூப்பிடவில்லை. பதிவேட்டில் அந்தத் தேதிக்குப் பதினான்கு கையெழுத்து இருக்கிறது. மீதி ஒன்பதையும் பள்ளி ஆயா வீடு வீடாகப் போய் வாங்கி வந்தார்.

நான் அந்தப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர். எழுதும்போதே கை கூசுகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை, பரீட்சைக்குப் பயந்து நானாக நின்றேன். ஸ்ரீரங்கத்து அரசுப் பள்ளியில் என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். படிக்கும் பிள்ளையின் அம்மாதான் தலைவராக வேண்டும் என்பது விதி. "நீங்கதான் யார்கிட்டயும் சண்டைக்குப் போக மாட்டீங்க" என்று எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எழுந்து நிற்க வேண்டுமே. அதற்குப் பயந்து தலைவரானேன்.

ஐந்தாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைதான் சுதந்திர தினத்தன்று மைக்கில் தேசிய கீதத்தை ஆரம்பிக்கும். அது இங்கே வழக்கம். இந்த வருடம் முதல் ரேங்க், வராந்தாப் பெண்ணின் மகள். அவர்கள் ஒரு சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். கொடிக்கு முன்னால் எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். நான்கு வருடமாக அந்தச் சிறுமி வரிசைக்குள் வாயை மூடிக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். யாருக்கும் தெரியவில்லை. ரேங்க் வாங்கியதுதான் அவளை முன்னால் இழுத்து வந்தது. "நான் பாட மாட்டேன் டீச்சர்" என்று முதல் நாளே சொல்லியிருக்கிறாள். "கூச்சப்படக் கூடாது" என்று புது டீச்சர் முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்.

கொடி ஏறியது. மைக் முன்னால் அவள் நேராக நின்றாள். சத்தமே இல்லை. வார்டுப் பிரதிநிதி சல்யூட் அடித்தபடி காத்திருந்தார். அந்த நிசப்தம் தாங்காமல் வரிசைக்குள்ளிருந்து ஒரு பிள்ளை தப்பான சுருதியில் ஆரம்பித்தது. என் மகள். பதற்றத்தில் என்னைப் போலத்தான். ஆனால் எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். வார்டுப் பிரதிநிதி தன் சட்டைப்பையிலிருந்த பேனாவையே எடுத்துக் கொடுத்தார்.

கூட்டத்தில் அவர்தான் ஆரம்பித்தார். "ஊரைக் கூட்டி வச்சு நம்மள ஊமைப்படம் பாக்க வச்சிருச்சு அந்தப் புள்ள."

"மைக்கைப் பாத்தா எனக்கே பேச்சு வராதுங்க. அது சின்னப் புள்ள" என்றார் பூக்கார அக்கா.

"உனக்கா? நீ வாயை மூடி நான் பாத்ததே இல்லையே."

"மூடினா நீங்க ஒரு முழக் காசுக்கு ரெண்டு முழம் வாங்கிட்டுப் போயிடுவீங்கல்ல."

வார்டுப் பிரதிநிதியே சிரித்துவிட்டார். பாய் மட்டும் சிரிக்கவில்லை. "எம் பொண்ணு நல்லாப் பாடும்ங்க. முழுசா, சத்தமாப் பாடும். வேணும்னா கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்க" என்றார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தலைமையாசிரியை சொன்னார்: "மரியாதையா எழுந்து நின்னா போதும்னு கோர்ட்டே சொல்லியிருக்குங்க. அப்படியே தீர்மானம் எழுதிடுறேன்."

"எழுதுங்க, எழுதுங்க. எனக்குச் சமயபுரத்துல ஒரு கல்யாணம்" என்று கடிகாரத்தைப் பார்த்தார் வார்டுப் பிரதிநிதி.

பதிவேடு சுற்றி வந்தது. எப்போதும் போலப் பக்கத்தின் மேல்பாதி காலி. தீர்மானத்தைத் தலைமையாசிரியை பிறகு நிறுத்தி நிதானமாக எழுதிக்கொள்வார், நாங்கள் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவோம். தலைவர் என்பதால் முதலில் நான் போட்டேன்.

மூன்றாம் நாள் அந்த வராந்தாப் பெண் என் வீட்டு வாசலில் நின்றாள். பள்ளியில் காட்டிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து வந்திருந்தாள். இனிமேல் பாடுவாள் என்று பெற்றோர் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், தராவிட்டால் வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளும்படி குழு ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது என்று எழுதியிருந்தது. கீழே முதல் கையெழுத்து என்னுடையது.

"பெஞ்சுல எல்லாம் கேட்டுச்சு அக்கா. நீங்க ஒண்ணுமே பேசல. அதனால நம்ம பக்கம்னு நெனச்சேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"எங்களுக்குப் பாட்டும் ஒரு வேண்டுதல் மாதிரி அக்கா. அது கடவுள் ஒருத்தருக்குத்தான். மத்தபடி நாட்டு மேல எங்களுக்கு என்ன கோவம்? டிசி வாங்கினா டவுன்லதான் சேக்கணும். நான் மெடிக்கல் ஷாப்புக்கு ஏழரைக்கே பஸ் ஏறணும். பத்து வயசுப் புள்ளைய ஆத்துப் பாலம் தாண்டி யாரு கூட அனுப்புறது? கடிதம் எழுதிக் குடுத்துடலாம்னா, பொய் எழுதாதம்மான்னு இவ அழுறா."

அவள் போன பிறகு அடுப்பை அணைத்தேனா என்று நான்கு தடவை பார்த்தேன். உள்ளே என் மகள் புதுப் பேனாவால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் போனேன். போகும் வழியில் இரண்டு தடவை திரும்பினேன்.

"கல்யாணம் முடிஞ்சு வார்டுக்காரரு வந்து எதிர்லயே உக்காந்துட்டாருங்க, அவரு சொன்னபடி எழுதினேன்" என்றார். "குடிதண்ணி மெஷினுக்குப் பணம் அவருதான் தரேன்னிருக்காரு. மாட்டியாச்சு, பணம் வரல. நான் என்ன பண்றது? சும்மா பேருக்கு எழுதினதுங்க அது."

"அவங்க பயந்துபோய் டிசி கேட்டா?"

"தலைவர் நீங்கதானே" என்றார்.

பதிவேடு மேசைமேல்தான் இருந்தது. பார்க்கணும் என்று கேட்டேன், கொடுத்தார். என் கையெழுத்துக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் இருந்தது. நான் வேகமாக எழுதுகிறவள் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்: 'நான் கையெழுத்துப் போட்டபோது மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.' அதற்கும் கீழே ஒரு கையெழுத்து.

"ஐயய்யோ, என்னங்க பண்ணிட்டீங்க! ஆடிட்டுல கேப்பாங்களே! இதே மாதிரி கையெழுத்து வாங்கின எல்லாப் பக்கத்தையும்ல கேப்பாங்க!"

அவர் பழைய பக்கங்களைப் புரட்டினார். வியர்த்திருந்தது. எனக்கும்தான். கடைசியில் பதிவேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "இதை வெளிய காட்ட முடியாது. அந்தப் பொண்ணு இங்கயே இருக்கட்டும். கடிதமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

அவள் இருக்கிறாள். பின்வரிசையில் நிற்கிறாள். தினமும் அசெம்பிளியில் மைக்கில் இப்போது என் மகள். காலையில் கேட்டுக்கு வெளியே நின்று பாட்டு முடிகிறவரை வரிகளை எண்ணுகிறேன், யாராவது போனைத் தூக்கி அந்தப் பின்வரிசையைப் படம் எடுக்கிறார்களா என்று பார்க்கிறேன். தீர்மானம் ரத்தாகவில்லை, பீரோவுக்குள் உயிரோடுதான் இருக்கிறது. ஒருநாள் பாய் சைக்கிளை நிறுத்திச் சொன்னார்: "நல்ல காரியம் பண்ணீங்க தங்கச்சி. அல்லாஹ் பரக்கத் செய்வான். எம் பேரை மட்டும் எதுலயும் இழுத்துராதீங்க." தலைவர் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று தலைமையாசிரியையிடம் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுத வேண்டுமாம். இப்போது கூட்டத்துக்கே யாரும் வருவதில்லை.

அந்தப் பிள்ளை இங்கேயே இருக்கிறாள் என்று தெரிந்ததும் வார்டுப் பிரதிநிதி பள்ளிப் பக்கம் தலைகாட்டுவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் மெஷின் பணமும் அவரோடு நின்றுபோனது. மெஷின் வாங்கிய படிவத்தில் தலைவர் என்று கையெழுத்துப் போட்டவள் நான், அன்றைக்கும் அது காலிப் படிவம்தான். கடைக்காரர் மரியாதையானவர். "தலைவரம்மா, உங்க சௌகரியம் எப்படி?" என்று மாதம் இரண்டு தடவை போன் செய்கிறார். தீபாவளிச் சீட்டை உடைத்து இரண்டாயிரம் கட்டினேன். இன்னும் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.