செரியஸ் என்றால் மெழுகுதிரி

ஈர மணலும் மாட்டெருவும் கலந்த வாசம்... மாங்குளத்தில் ஏ9 வீதியோரம் நான் முதன்முதலாக வேலைக்குப் போன பூங்கன்றுக் கடையை நினைத்தால் அதுதான் முதலில் மூக்கில் ஏறுகிறது.

கடை யோகா அக்காவுடையது. ரோசாவும் செவ்வரத்தையும் வந்த வேகத்தில் போய்விடும். கொழும்பிலிருந்து வரும் கள்ளிகள் மட்டும் அப்படியே கிடக்கும்.

"முள்ளுக்கண்டு வீட்டிலை வைச்சால் சண்டை வருமாம்."

எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். சண்டைக்குக் கள்ளி எதற்கு? எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டே போதும்!

"இந்த மாசமும் போகாட்டி வேலிக்கரையிலை எறிஞ்சுவிடு பிள்ளை" என்றார் அக்கா.

எனக்கு மனம் வரவில்லை... சட்டிகளில் ஒட்டியிருந்த பெயர்களை ஃபோனில் தேடி, வருகிறவர்களுக்கெல்லாம் அர்த்தம் சொல்லத் தொடங்கினேன்.

மெலோகக்டஸ் என்றால் வத்தகப்பழம் போல உருண்டையான கள்ளி. எக்கினோகக்டஸின் பெயருக்குள் ஒரு முள்ளம்பன்றி இருக்கிறது. ஒப்பன்ஷியா, அதுதான் எங்கள் நாகதாளி... கிரேக்கத்துப் பழைய ஊர் ஒன்றின் பெயராம். செடியோ அமெரிக்காச் செடி!

கேட்டுச் சிரிப்பார்கள். பிறகு ரோசாவை வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஒருநாள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவருடைய கல்லறையில் வைக்க ஒரு கன்று வேண்டுமாம். அந்த மணலில் எது வைத்தாலும் கருகிப்போகிறதாம். மூலையில் நெட்டையாக நின்றதைக் காட்டினார்.

"இதுக்கென்ன பேர்?"

"செரியஸ், அம்மா. மெழுகுதிரி எண்டு அர்த்தம்."

அவர் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"அங்கை கடல்காத்துக்கு ஒரு மெழுகுதிரியும் நிண்டெரியாது பிள்ளை. கொளுத்தக் கொளுத்த நூருது. அந்த மனுசன் இருட்டுக்கை கிடக்கிறார் எண்டுதான் எனக்குக் கவலை... இதைத் தாங்கோ."

"முள்ளு, அம்மா..."

"நல்லதுதானே. ஆடு தின்னாது."

உரப்பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்.

இப்போது நான் கிளிநொச்சியில் ஓர் ஒஃபிஸில். மேசைக்கு மேசை குட்டிக் கள்ளி. ஃபோனைக் காட்டினால் பெயர் வந்துவிடுகிறது... அர்த்தம்தான் யாரும் கேட்பதில்லை.

போன வருடம் மரித்தோர் தினத்தன்று, கூட வேலை செய்யும் பிள்ளையோடு முல்லைத்தீவுச் சேமக்காலைக்குப் போனேன். கொளுத்திய மெழுகுதிரிகளெல்லாம் காற்றில் அணைந்து கிடந்தன. ஒரு கல்லறையில் மட்டும் செரியஸ் ஆளுயரத்துக்கு நின்றது, பச்சைப் பசேலென்று.

அதனடி மணலில் தண்ணீர் ஊற்றிய ஈரம் இருந்தது; மெழுகுதிரி மட்டும் யாரும் கொளுத்தியிருக்கவில்லை.