உலகம் சுற்ற ஆத்தாள் உத்தரவு

வேலையை விட்டாயிற்று. வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று. பதினோரு மாதம் உலகம் சுற்ற டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அப்பாவிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் வைத்துக்கொள்வது என் பிறவிக் குணம். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டதைக்கூட, மதிப்பெண் அட்டையில் அவர் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிய பிறகுதான் சொன்னேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என் அப்பாவிடம் நீங்கள் போனில் பேசியதில்லை. சாப்பிட்டாச்சா, அங்கே மழை உண்டா, சரி வெச்சரட்டா என்று மூன்றே கேள்வி. மூன்றாவதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விடும். இதில் எந்த இடத்தில் தென் அமெரிக்காவை நுழைப்பது?

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் என் கணவரும் கோயமுத்தூரிலிருந்து காரில் கிளம்பினோம். அப்பாவின் தோட்டம் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில். வியாழக்கிழமை விமானம். நடுவே இருப்பது மூன்று நாள். அதற்குள் அப்பா வாயிலிருந்து ஒரு ‘சரி’ வந்தாக வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்னால் விமானம் ஏற முடியாது என்பது எனக்குத் தெரியும். முப்பத்தாறு வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அதுதான் உண்மை.

வீட்டைக் காலி செய்துவிட்டதால் மிச்சம் மீதிச் சாமான் எல்லாம் காரில் இருந்தது. கிரைண்டரைப் பின்சீட்டில் உட்கார வைத்து சீட் பெல்ட் போட்டிருந்தோம். அதன் பக்கத்தில் கேஸ் அடுப்பு. தலைக்கு மேலே சுருட்டிக் கட்டிய மெத்தை. கறிவேப்பிலைச் செடித் தொட்டிக்கு எங்கும் இடமில்லாததால் அது என் மடியில். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு கொத்து என் மூக்குக்குள் போய் வந்தது. பல்லடம் தாண்டுவதற்குள் நான் தாளித்த வாசம் அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பல்லடத்தில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். மெத்தையைப் பார்த்தார், கிரைண்டரைப் பார்த்தார், வீடு மாற்றுகிறீர்களா என்று கேட்டார். என் கணவர் உண்மை விளம்பி. மாற்றவில்லை, இனிமேல் எங்களுக்கு வீடே இல்லை, வேலையும் இல்லை என்று விளக்கினார். போலீஸ்காரர் லைசென்ஸைக்கூடக் கேட்காமல், பாத்துப் போங்க தம்பி என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

காங்கேயம் நெருங்க நெருங்க எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. காரணம் அப்பா இல்லை, ஆத்தாள். எங்கள் குலதெய்வத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அப்பா எதையும் தானாக முடிவு செய்தவரில்லை. போர்வெல் எந்த மூலையில் போடுவது, மாட்டை விற்கலாமா வேண்டாமா, நான் எந்தக் காலேஜில் சேர்வது, எல்லாவற்றுக்கும் ஆத்தாளிடம் பூக் கேட்பார். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் சுற்றி, எது எதுவென்று தெரியாதபடி நூல் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எங்கள் வீட்டில் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

என் கணவரே அப்படித் தேர்வானவர்தான். ஜாதகமெல்லாம் பொருந்திய பிறகும் அப்பா பூக் கேட்டார், வெள்ளை விழுந்தது. அன்றிலிருந்து இந்த மனிதரோடு சண்டை போட முடியவில்லை. பாலைப் பொங்கவிட்டு அடுப்பை நாசம் செய்தாலும், ‘ஆத்தாளே பாஸ் போட்ட ஆளு நான்’ என்பார்.

டிக்கெட்டுக்குப் போட்ட பணம் திரும்பி வராது. ஆகவே ஆத்தாளுடைய விருப்பத்தைச் சந்தர்ப்பத்துக்கு விட நான் தயாராக இல்லை. காங்கேயத்தில் ஒரு பேக்கரி முன்னால் காரை நிறுத்தச் சொன்னேன். எதிரே பூக்கடை. இரண்டு வெள்ளரளி வாங்கினேன். கிரைண்டர் மூடியை மேசையாக வைத்து, அப்பா கட்டுவதைப் போலவே வாழையிலையில் சுற்றி, வெள்ளை நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி இரண்டு பொட்டலம் செய்தேன். இரண்டிலும் வெள்ளை. எதை எடுத்தாலும் வெள்ளை.

என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சாமி விஷயத்தில் இதெல்லாம் நல்லதில்லை என்றார். சாமி நல்லவள், புரிந்துகொள்வாள் என்றேன். புரிந்துகொள்கிற சாமி என்றால் நியாயமாகவே கேட்கலாமே என்றார். பதில் தெரியாதபோது வழக்கமாகச் செய்வதைச் செய்தேன்: கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் பேக்கரிக்குள் போய்விட்டேன். அவருக்குப் பிடித்த தேங்காய் பன்னை அவருக்கு வாங்காமல் நானே தின்றேன்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் அம்மா ஓடி வந்தாள். கிரைண்டரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தி, மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஏதாவது மனஸ்தாபமா என்றாள். இல்லை என்றேன். வேலை போய்விட்டதா என்றாள். போகவில்லை, நாங்களே விட்டுவிட்டோம் என்றேன். அம்மா அரிவாள்மனையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், வியட்நாமில் ஆரம்பித்துப் பெருவில் முடிவது வரை. பெரிதாக அழுவாள் என்று நினைத்தேன். பதினோரு மாசமும் யார் சோறாக்கிப் போடுவார்கள் என்ற ஒரே கவலைதான் அவளுக்கு. கிரைண்டரை ஏன் கொண்டுபோகவில்லை என்றுகூடக் கேட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன். பச்சைப்பயறுக் கடையலை அவர் இலையில் ஊற்றிக்கொண்டே, பாதி வார்த்தையை விழுங்கி, மீதியைக் கடையலிடம் சொன்னேன். அப்பா நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். துண்டில் துடைத்தார். பிறகு, பொழுது சாயக் கோயிலுக்குப் போய் ஆத்தாளைக் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றார். கோபமுமில்லை, திகைப்புமில்லை. அப்பாவை இவ்வளவு நாள் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று யோசித்தேன். ஆனால் கைப்பையிலிருந்த பொட்டலங்களை வெளியே எறியும் அளவுக்கு யோசிக்கவில்லை.

கோயில் தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரம். வேப்பமரம், ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். நாங்கள் நான்கு பேரும், பொங்கல் வைத்துக் காத்திருந்த பூசாரியும் தவிர யாருமில்லை. அப்பா வீட்டிலேயே பூவைக் கட்டிச் சட்டைப் பையில் போட்டு வந்திருந்தார். அதை எப்படி மாற்றுவது என்று நான் வழியெல்லாம் திட்டம் போட்டேன். மயக்கம் போட்டு விழுவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். ஒன்றும் தேவைப்படவில்லை. கால் கழுவப் போன அப்பா, ஆம்பளைகள் சட்டையோடு உள்ளே போகக் கூடாதென்று சட்டையைக் கழற்றி, பொட்டலங்களோடு என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். கண் மூடித் திறப்பதற்குள் அவருடைய பொட்டலங்கள் என் கைப்பையிலும், என்னுடையவை அவர் சட்டைப் பையிலும் இருந்தன. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிற மனிதரை ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சில் ஒரு முள் குத்தியது. குத்தட்டும் என்று இருந்துவிட்டேன்.

பூசாரி பொட்டலங்களைத் தட்டில் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். மணியடித்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொன்னார். நான் கை கூப்பி, பக்தியும் வியப்பும் கலந்த ஒரு முகத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டேன். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்தார், நூலை அறுத்தார், இலையைப் பிரித்தார்.

உள்ளே செவ்வரளி.

“ரெண்டுமே வெள்ளதான வெச்சேன்,” என்றேன். என்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

நான் மட்டும் சொல்லவில்லை. அதே நொடியில் அதே வார்த்தைகளை அப்பாவும் சொன்னார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் கைப்பையிலிருந்து அப்பாவின் பொட்டலங்களை எடுத்துப் பிரித்தேன். ஒன்றில் வெள்ளரளி. இன்னொன்றிலும் வெள்ளரளி. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை தெரியாது.

அப்புறம் என் கணவர் பக்கம் திரும்பினேன். அவர் கோயில் கூரையில் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் எதிர்க்கடையில் செவ்வரளி வாங்கி ஒரு பொட்டலத்தில் மாற்றிக் கட்டியதை ஒப்புக்கொண்டார். ஏன் என்றேன்.

“ரெண்டும் வெள்ளைன்னா அது பூக் கேக்கறதே இல்லையே. அப்பறம் எனக்கு உளுந்த பூவுக்கு என்ன மரியாதைங்க?” என்றார். என்னிடம் சொல்ல ஆரம்பித்து மாமனாரிடம் முடித்தார்.

பூசாரி செவ்வரளியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “ஏனுங்க, ஆத்தா சொல்றதுக்குன்னு எதாச்சும் உட்டு வெச்சிருக்கீங்களா?” என்றார். மாப்பிள்ளைக்குக் கேட்டபோதும் இப்படித்தானா என்று வேறு விசாரித்தார். என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. அது நியாயமாகக் கேட்டதுதான் என்று அப்பா அவசரமாகச் சொன்னார். கொஞ்சம் அதிக அவசரமாகவே சொன்னார்.

எல்லாம் பத்து நாளைக்கு முன்பே அப்பாவுக்குத் தெரியுமாம். வாடகைச் சீட்டில் அவர் நம்பரும் இருந்ததால், எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் அவரைக் கூப்பிட்டு, இவ்வளவு நல்ல பிள்ளைகள் காலி செய்துகொண்டு வெளிநாடு போகிறார்களே என்று அரை மணி நேரம் வருத்தப்பட்டிருக்கிறார். அதன் பிறகும் அப்பா தினமும் என்னிடம் போனில் மழை உண்டா என்றுதான் கேட்டிருக்கிறார்.

“நீயாச் சொல்லுவயான்னு பாத்தேன் கண்ணு,” என்றார். “ஆத்தா வேண்டான்னு சொல்லிப்போட்டா உனக்கு மனசு ஒடஞ்சு போகுமேன்னுதான் அப்பிடிச் செஞ்சுபோட்டேன்.”

வாழ்நாள் முழுவதும் ஆத்தாளிடம் ஒரு பொய் சொல்லாத மனிதர், எனக்காகச் சொல்லத் துணிந்திருக்கிறார். என் கணவரும் ஆத்தாளுக்கு நியாயமாக நடந்துகொண்டார், சொந்தப் பெருமைக்காக என்றாலும். பயந்தவள் நான் ஒருத்திதான். அதைவிடக் கஷ்டம், யாரும் கலப்படம் செய்யாமல் வந்த பதில் இப்போது பூசாரி கையில் இருந்தது. சிவப்பு.

அப்பா அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்துவிட்டார் என்று தெரிந்தது. மூன்று தடவை கேட்பதும் சில இடங்களில் வழக்கம்தான் என்று பூசாரி மெதுவாக எடுத்துச் சொன்னார். கேட்டாயிற்று, அவளும் சொல்லியாயிற்று என்று அப்பா தலையை ஆட்டிவிட்டார்.

“நாங்க போகலைங்கப்பா,” என்றேன். அதைச் சொன்ன நொடியில் நிஜமாகத்தான் சொன்னேன்.

அப்பா பூசாரியிடமிருந்து செவ்வரளியை வாங்கிக்கொண்டு அம்மனுக்கு நேராகப் போய் நின்றார்.

“ஆத்தா, நீ சொன்னது சொன்னதுதான். நான் இல்லைங்கல. ஆனா எம் பொண்ணு உன்னையக் கேக்க வரல. சொல்லீட்டுப் போக வந்திருக்கா. கேட்டவன் நானு. அதனால இந்தச் செவப்புப் பூவு எனக்கு.”

சொல்லிவிட்டு அதைக் காதில் செருகிக்கொண்டார். பிறகு பொங்கல் ஆறிவிடப் போகிறது என்றார். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். வியாழக்கிழமை விமானம் ஏறினோம்.

அப்பா சொன்னதை நான் அன்று ஒரு சாமர்த்தியமான பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். பத்தாவது மாதம், பெருவில் ஒரு மலைப்பாதையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். ஈரோட்டில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம்; பெரியப்பாவாக முன்னால் நின்று எல்லாம் செய்ய வேண்டிய அப்பா போகவில்லையாம். உடம்புக்கு என்ன என்று பதறினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாள். நாங்கள் கிளம்பிய நாளிலிருந்து அவர் காங்கேயத்துக்குக்கூடப் போகவில்லை, வெள்ளகோவில் சந்தைக்கும் ஆளைத்தான் அனுப்புகிறார், யார் கூப்பிட்டாலும் இதையே சொல்கிறார் என்றாள்.

“பயணம் வேண்டாமுன்னு ஆத்தா எனக்குச் சொல்லியிருக்கறா. புள்ள ஊடு வந்து சேர்ற வரைக்கும் நான் எங்கயும் வாரதில்லீங்க.”